‘வாடா’வும் ‘இருடா’வும்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மூணு மாசம் பிளான் போட்ட டூர் நடந்ததாக நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? கோவா போகலாம் என்பார்கள். தேதி குறிப்பார்கள். ஒருத்தனுக்கு லீவு கிடைக்காது. இன்னொருத்தன் பையனுக்குப் பரீட்சை வரும். மூன்றாமவன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். கடைசியில் ரூமுக்குக் கட்டின அட்வான்ஸோடு கோவா கடலில் கரைந்து போகும்.

ஆனால், சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒருத்தன் போன் பண்ணி, ‘‘மச்சான், கார் இருக்கு. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பறோம். வாடா!’’ என்று சொல்லட்டும். அஞ்சே முக்காலுக்கு நாலு பேரும் தாம்பரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

‘பிளான் பண்ணினா எதுவுமே நடக்காது, திடீர்னு கிளம்பினாத்தான் உண்டு’ என்று இதை ஏதோ தலையெழுத்து மாதிரி சொல்லிக்கொள்கிறோம். தலையெழுத்தெல்லாம் இல்லை. திட்டம் போடுவது என்றால், நம்மை நம்பியிருக்கிற ஒவ்வொருவரையும் ஒரு முறை நினைத்துப் பார்ப்பது. பையன், மனைவி, மாமனார், ஆபீஸ் என்று வரிசையாக வருவார்கள். வரிசை நீள நீள டூர் சுருங்கும். திடீர்ப் பயணத்தில் இந்த வரிசையே கிடையாது. யாரையும் கேட்பதில்லை, அதனால் யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

அப்படியானால் சட்டென்று கிளம்புவது தப்பா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் தன் அறநூலின் பத்துப் பகுதிகளில் முழுசாக இரண்டை நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார். நட்பை மூன்றாகப் பிரிக்கிறார். லாபத்துக்காக வருவது, ஜாலிக்காக வருவது, ‘இவன் நல்லவன்’ என்பதற்காகவே வருவது. மூன்றாவதுதான் நிலைக்கும் என்கிறார். ஆனால் அதற்கு நாளாகும், இரண்டு பேரும் சேர்ந்து போதுமான அளவு உப்பைத் தின்று தீர்க்கிற வரை ஒருவரையொருவர் தெரியாது என்று அந்தக் காலத்துப் பழமொழி ஒன்றையும் நினைவுபடுத்துகிறார். யோசித்துப் பாருங்கள். உப்பு எங்கே தீரும்? ஆபீஸ் மீட்டிங்கிலா, கல்யாண ரிசப்ஷன் க்யூவிலா? எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் சேர்ந்து கழிக்கிற இந்த மாதிரிப் பொழுதுகளில்தான். வேலை இருந்தால்தான் போன் பண்ணுகிறவன் கான்டாக்ட். வேலை இல்லாதபோதும் பண்ணுகிறவன்தான் நண்பன்.

ஆகவே ‘வாடா’ என்ற அந்தக் குரலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் போனதைச் சொல்கிறேன்.

கார் வைத்திருந்தவன் மெடிக்கல் ரெப். கூட ஒரு வக்கீல், ஒரு பேங்க்காரன், நான். எங்கே போகிறோம் என்று செங்கல்பட்டு தாண்டுகிற வரை யாருக்கும் தெரியாது. அப்புறம் ரெப்தான் சொன்னான், ‘‘திருக்கோவிலூர் போலாம்டா. ஆத்து நடுவுல ஒரு பாறை இருக்காம். கபிலர் குன்றுங்கறாங்க.’’ சரி என்றோம். திண்டிவனம், விழுப்புரம், அங்கேயிருந்து மேற்கே திரும்பினால் திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரை.

திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினோம். பேங்க்காரனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. ‘‘ஆபீஸ்ல ஆடிட்டுமா, அர்ஜென்ட்டா வரச் சொல்லிட்டாங்க’’ என்று அவன் ஆரம்பிக்கவும், பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர், ‘‘பாண்டி, பாண்டி, பாண்டி!’’ என்று அடித்தொண்டையில் கத்தவும் சரியாக இருந்தது.

‘‘ஆபீஸை எப்ப பாண்டிச்சேரிக்கு மாத்தினாங்க?’’ என்று அந்தப் பக்கம் கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது. நாங்கள் சிரித்தோம். அடுத்து அவர் சொன்னதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. குழந்தைக்கு ராத்திரியிலிருந்து ஜுரம். டாக்டரிடம் போக வேண்டும். ஸ்கூட்டர் சாவி இவன் பாக்கெட்டில் இருக்கிறது. ‘‘பரவால்ல, நான் ஆட்டோல போய்க்கறேன். நீங்க சுத்திட்டு வாங்க’’ என்று போனை வைத்துவிட்டார்.

பேங்க்காரன் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ‘‘வாங்கடா, போலாம்’’ என்றான். ரெப் நகரவில்லை. ‘‘நீ இருடா. சென்னை பஸ் நிக்குது பாரு, ஏறு. பெண்ணையாறு எங்கயும் போயிடாது.’’ வாக்குவாதம் ஆகிவிட்டது. கடைசியில் அவன் முறைத்துக்கொண்டே பஸ் ஏறினான். அப்புறம் ஒரு மாசம் ரெப்பிடம் அவன் பேசவே இல்லை.

விழுப்புரம் போகிற வழியெல்லாம் காருக்குள் இதே பேச்சு. வக்கீல் விடுவானா? ‘‘அவன் வீட்டு விஷயத்துல தலையிட நீ யாரு? அவன் என்ன சின்னப் பையனா? அவன் ஒய்ஃபே போயிட்டு வாங்கன்னுட்டாங்க. இவன் போய்ச் சேர மூணு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள டாக்டரைப் பார்த்து, மருந்து குடுத்து, ஜுரமே இறங்கியிருக்கும். இவன் போய் என்ன பிரயோஜனம்?’’

ரெப் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ‘‘பிரயோஜனத்துக்காகன்னா, நாம எதுக்குடா திருக்கோவிலூர் போறோம்?’’

நீங்கள் யார் கட்சி? வக்கீல் சொன்னதில் ஒரு வரியைக்கூட லேசில் தள்ள முடியாது. ஆனால் ரெப் கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது. நண்பர்களோடு இருப்பதற்குப் பிரயோஜனம் வேண்டாம், சும்மா கூட இருந்தாலே போதும். ஜுரத்தில் கிடக்கிற குழந்தை பக்கத்தில் உட்கார மட்டும் பிரயோஜனக் கணக்கு பார்ப்போமா?

வள்ளுவர் நட்பைப் பற்றி ஒன்றல்ல, அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயர். பழகிய நண்பன் கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்வதைப் பற்றியது. அந்த உரிமையைப் பெரியவர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. ராத்திரி பத்தரைக்குப் போன் செய்கிற உரிமை அதுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமை மீது என் நண்பனுக்கு உரிமை உண்டு, சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னுடையதுதானா? அதில் பாதி இன்னொருத்தருடையது என்றால், நான் தாராளமாக எடுத்துக் கொடுப்பது யார் சொத்தை?

நாங்கள் போன இதே தடத்தில் 130 வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையன் திடீர்ப் பயணம் போயிருக்கிறான். 1896, ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமன். அண்ணனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். பழைய அட்லஸ் ஒன்றில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று போட்டிருந்தது. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். வழியில் ரயிலில் ஒரு மௌல்வி, விழுப்புரத்திலேயே இறங்கி ரயில் மாறலாம் என்று சொன்னார். விழுப்புரத்தில் கையில் மிஞ்சியது இரண்டரை அணா. அது மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கே இறங்கி நடந்தான். அரகண்டநல்லூர் கோயில், ஆற்றைத் தாண்டிக் கீழூர் கோயில். மறுநாள் காதிலிருந்த தங்கக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு, செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

ஆன்மிகத்தை விடுங்கள், அது உங்கள் உங்கள் நம்பிக்கை. நான் பார்ப்பது வேறு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிற அந்தப் பையன்கூட ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறான். தன்னைத் தேட வேண்டாம், தேடிச் செலவழிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கடைசியில், ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று கணக்கும் சொல்லியிருக்கிறான். துறவுக்குப் போகிறவன் ஃபீஸை மறக்கவில்லை. டீ குடிக்கப் போகிற நாம் ஆடிட் என்று பொய் சொல்கிறோம்.

அந்தச் சீட்டால் அம்மாவின் மனசு ஆறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் கழித்து மகனைக் கண்டுபிடித்து வந்து, அழுது கூப்பிட்டுப் பார்த்தார் அழகம்மாள். மகன் வரவில்லை. 1916-ல் அம்மாவே மகனோடு வந்து தங்கிவிட்டார். 1922-ல் அவர் கண்மூடும்போது மகன் பக்கத்திலேயே இருந்தார். விட்டுவிட்டுப் போனவரைத் தேடி, இருந்தவர் போய்ச் சேர இருபது வருஷம்.

நாங்கள் மூன்று பேரும் பாலம் தாண்டித் திருக்கோவிலூருக்குள் நுழைந்தபோது பத்தரை மணி இருக்கும். அன்றைக்கு ஆறு என்று பேர்தானே தவிர, கண்ணுக்கு எட்டினவரை மணல், நடுவில் நூல் மாதிரி தண்ணீர். முதலில் உலகளந்த பெருமாள் கோயில். முதல் ஆழ்வார்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தித்தது இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை ராத்திரி. ஒரு வீட்டின் இடைகழியில், ரேழி என்று சொல்வோமே அதில், பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்கிறார். பேயாழ்வார் வருகிறார். மூன்று பேர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு நாலாவதாக யாரோ வந்து நெருக்குவது போல இருக்கிறது. அதுதான் பெருமாள் என்று கதை முடியும்.

மூன்று பேர் அதைப் பேசிக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் சொல்லாமலே நாலாவது ஆள் ஞாபகம் வந்தது. அந்த இடைகழியில் யாரும் யாரையும் திட்டம் போட்டுச் சந்திக்கவில்லை. பக்கா திடீர்ச் சந்திப்பு. ஆனால் அந்த நட்பு ஆரம்பித்த இடத்தைப் பாருங்கள். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. தன் சௌகரியத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உள்ளே விட்டார். அடுத்தவர் சௌகரியத்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஊரின் இன்னொரு பகுதி கீழையூர். வீரட்டானேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டி ஆற்றுக்குள் கபிலர் குன்று. குன்று என்றதும் மலையைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஆற்றுக்குள் ஒரு பாறை, அதன் மேல் சின்னதாக ஒரு கோயில் மாதிரி கட்டடம், அவ்வளவுதான்.

பாரி என்றால் நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்தவன். அதோடு நிறுத்திவிடுகிறோம். பறம்பு மலைத் தலைவனான அவனை மூவேந்தர்களும் சேர்ந்து முற்றுகையிட்டுக் கடைசியில் கொன்றுவிட்டார்கள். அவனுடைய மகள்கள் ஒரே நாளில் மலையும் வீடும் தகப்பனும் இல்லாதவர்கள் ஆனார்கள். அங்கவை, சங்கவை என்பது பின்னால் வந்த பெயர்கள். புறநானூறு பாரி மகளிர் என்றுதான் சொல்கிறது. அவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார் பாரியின் நண்பரான கபிலர் என்ற புலவர். பறம்பு மலை என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்கிறார்கள். அங்கேயிருந்து திருக்கோவிலூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காரும் இல்லை, டீக்கடையும் இல்லை. விச்சிக்கோ என்ற தலைவனிடம் போய், இந்தப் பெண்களை மணந்துகொள் என்று கேட்டார். முடியாது என்றான். இருங்கோவேளிடம் கேட்டார். அவனும் முடியாது என்றான். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வீரட்டானேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அது. புறநானூற்றுக் குறிப்போ, பெண்களைப் பார்ப்பனரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிர் விட்டார் என்கிறது. தீயா, பட்டினியா என்று அறிஞர்கள் பேசட்டும். முதலில் கடமை, அப்புறம்தான் சாவு என்ற வரிசையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

2007-ல் வந்த ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்த இரண்டு பெண்களின் நிறத்தைக் கிண்டல் செய்து தியேட்டரே சிரித்தது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கிற நடைப்பயணம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

வடக்கிருந்தபோது கபிலர் பாடிய பாட்டில் பாரியிடம் ஒரு கோபம் இருக்கிறது. நீ போகும்போது என்னையும் கூட வர விடவில்லையே, ‘நீ இரு’ என்று சொல்லிவிட்டாயே, நம் நட்புக்கு இது பொருத்தமா என்பதுதான் சாரம். பாரி ஏன் அப்படிச் சொன்னான் என்று பாட்டில் இல்லை. ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால், நண்பன் இருந்தால்தான் தன் பெண்கள் பிழைப்பார்கள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருந்துவிடப் போகிறது?

தமிழில் நட்புக்கு உதாரணம் கேட்டால் கபிலர், பாரி என்று ஸ்கூல் பிள்ளைகூடச் சொல்லும். அந்த நட்பின் உச்சத்தில் ‘வா’ இல்லை. ‘இரு’தான் இருக்கிறது. சொன்னவனுக்கும் வலித்திருக்கும். கேட்டவருக்குச் சாகிற வரைக்கும் ஆறவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நடந்ததை அதற்குப் பக்கத்தில் வைக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி வார்த்தை. வக்கீலும் பாறையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தான். பிறகு, ‘‘கபிலருக்கே கோபம் வந்திருக்கு பாரு. இவனுக்கு வராதா?’’ என்றான். கட்சி மாறவில்லை. அவன் சொன்னதும் சரிதான். ‘இரு’ என்று சொல்கிறவன் அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

சட்டென்று கிளம்புவது எல்லோருக்கும் கொண்டாட்டம் இல்லை என்பதை அந்த ஆறே ஒரு தடவை காட்டியது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்க வேண்டியதாகிவிட்டது. நாங்கள் மணலாகப் பார்த்த தென்பெண்ணை, கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இருட்டில் கிளம்பினார்கள் ஜனங்கள். பாரி மகளிர் மாதிரி. அவர்களை யாரும் ‘வாடா மச்சான்’ என்று கூப்பிடவில்லை. போய் நிற்க ஒரு ரேழி கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கே வருவோம். நாலு ஆண்கள் அஞ்சே முக்காலுக்குத் தாம்பரத்தில் நிற்க முடிகிறது. நாலு பெண்கள்? அவர்களுக்கும் நண்பிகள் உண்டு, அவர்களுக்கும் ஆறும் பாறையும் பிடிக்கும். ஆனால் ஒரு பெண் ‘திடீரென்று’ கிளம்ப மூன்று நாள் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. மாவு அரைத்து வைக்க வேண்டும். யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி வைக்க வேண்டும். மாமியாரின் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் என்று சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டும். நாம் அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி கிளம்புகிறோம் என்றால், அந்தச் சீட்டையெல்லாம் நமக்காக வேறு யாரோ தினமும் மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்காகப் பயணத்தை நிறுத்தாதீர்கள். உப்பு தீர வேண்டாமா? நான் சொல்வது கொஞ்சம்தான். எங்கே போகிறீர்கள் என்று நிஜத்தைச் சொல்லுங்கள். பொய் சொல்லித்தான் கிளம்ப முடிகிறது என்றால், அது அடுத்தவர் பங்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வீட்டம்மாவுக்குப் போன் வந்து, ‘‘நாளைக்குக் காலைல போலாமாடீ?’’ என்று யாராவது கேட்டால், மாவு எங்கே, மாத்திரை எங்கே என்று கேட்காமல், ‘‘போயிட்டு வா’’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு சின்ன வேலை. உங்கள் செல்போனை எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறங்கள். ‘வாடா’ என்று கூப்பிட்டவர்கள் நிறைய இருப்பார்கள். ‘நீ இருடா, அப்பாவுக்கு முடியலைன்னியே, அதைப் பாரு. அடுத்த தடவை போலாம்’ என்று எழுதினவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். ஒருத்தர் கிடைத்தாலும் போதும். அவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். வேலை ஒன்றும் இருக்க வேண்டாம்.